தண்டனை நீக்கமும் சட்டபூர்வமாக்கலும் ஒன்றல்ல

கஞ்சாவுக்குத் தண்டனை நீக்கம் கேட்பவர்கள் எல்லாரும் கடைகளில் அதை விற்கக் கேட்கிறார்கள் என்ற பொருளில், கஞ்சா சட்டம் பற்றி அண்மையில் வந்த ஒரு கட்டுரை அமைந்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. இந்த விவாதம் தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

போர்ச்சுகல் 2001இல் செய்தது தண்டனை நீக்கம். பத்து நாள் தேவைக்கு மிகாத அளவு வைத்திருப்பவரை அங்கே சிறைக்கு அனுப்புவதில்லை. ஆனால் பொருள் பறிமுதல் செய்யப்படும், சட்டம், மருத்துவம், சமூகப் பணி போன்ற துறைகளைச் சேர்ந்த மூவர் குழுவின் முன் அவர் வர வேண்டும், விற்பனையோ இன்றும் குற்றமே. கனடா 2018 அக்டோபரில் கொண்டுவந்ததுதான் சட்டபூர்வமாக்கல்: உரிமம் பெற்ற உற்பத்தி, வயது வரம்பு, பொது இடத்தில் 30 கிராம் என்ற உச்ச அளவு.

1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிக ஆபத்தானவை, மருத்துவப் பயன் குறைந்தவை என்று கருதப்படும் பொருள்களுக்கான நான்காம் பட்டியலில் வைத்தது. 2020 டிசம்பரில், 27க்கு 25 என்ற நூலிழை வாக்கு வித்தியாசத்தில், அது அங்கிருந்து நீக்கப்பட்டது. மருத்துவ, ஆய்வுத் தேவைகளுக்கு மட்டுமே அனுமதித்துக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் முதல் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது என்பதைச் சீர்திருத்தம் கோருபவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்) மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கஞ்சா தீங்கற்றது என்று நான் வாதிடவில்லை. இளம் வயதிலேயே தொடங்கி அன்றாடம் புகைப்பவர்களுக்கு மனநோய் வரும் அபாயம் கூடுதல் என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. ஆனால் அத்தகைய இளைஞருக்குத் தேவை மருத்துவர்; அவர் பெயரில் ஏறும் குற்றப்பதிவு, பின்னாளில் வேலையையும் கல்வியையும் எட்டாக்கனியாக்கி, அவரை மருத்துவமனை வாசலிலிருந்தே விலகி நிற்கச் செய்துவிடுகிறது.