லோகோ அப்புறம் வரட்டும்

சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடும் இளைஞர்கள் போஸ்டர் வேலைக்காக என்னிடம் வருவதுண்டு. வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, பேண்டுக்கு ஒரு லோகோ போட்டுத் தரீங்களா?" கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரிப் படமும் வந்துவிடும். கறுப்புப் பின்னணி, நடுவில் தீப்பிடித்த கிடார், கீழே முள்முள்ளாக எழுத்து. "கையில எத்தனை பாட்டு இருக்கு? யார் கேட்கணும்னு பாடுறீங்க? மேடையில என்ன உடுத்தி நிக்கப் போறீங்க?" என்று நான் கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணா" என்பார்கள்.

இந்த வரிசையே தலைகீழ் என்பதுதான் என் கருத்து.

இங்கிலாந்தின் ராக் இசைக்குழு ரோலிங் ஸ்டோன்ஸின் லோகோ, சிவந்த உதட்டுக்கு வெளியே நீட்டிய நாக்கு, தெரியாதவர்கள் குறைவு. ஜான் பாஷ் என்ற கலைக் கல்லூரி மாணவர் 1970-இல் வரைந்தது, கூலி 50 பவுண்டு. குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவரிடம் காட்டிய காளி படத்திலிருந்துதான் அந்த எண்ணமே கிளம்பியது. ஆனால் அந்தக் குழு 1962-லேயே தொடங்கிவிட்டது. எட்டு ஆண்டுகள் பாடி, சண்டை போட்டு, ஊர் ஊராகப் பெயர் வாங்கிய பிறகு வந்த நாக்கு அது. அவர்கள் யார் என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் ஒரு படம் அத்தனையையும் சுமக்க முடிந்தது.

நம் ஊரிலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய இசைக்குழு. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கானா பாடகர்கள் என்றாலே சினிமா நம் கண்ணில் பதித்து வைத்திருந்த தோற்றம் ஒன்று உண்டு: மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தில் கைக்குட்டை. இவர்களோ சாம்பல் நிறக் கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். ஊர் முனையில் கோட்டு போட்ட அம்பேத்கர் சிலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உடைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. பெயருக்கு வேர், சாதியை எதிர்த்து எழுதிய சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லில் இருக்கிறது. மேடையில் பறையும் சட்டி என்ற தாளவாத்தியமும் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் சமமாக நின்றன. ஆண்களே நிறைந்திருந்த கானாவில் இசைவாணி முன்னால் நின்று பாடினார். பெயர், உடை, வாத்தியம், பாடும் ஆள், பாட்டின் பொருள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்தன. பிராண்ட் என்று நாம் சொல்வது இதைத்தான். போஸ்டர் வரைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தனை தெளிவு கையில் இருந்தால் வரைகிற வேலை பாதி முடிந்துவிட்டது.

எல்லாக் குழுவும் அரசியல்தான் பாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காதலைப் பாடுங்கள், கடலைப் பாடுங்கள். ஆனால் அது உங்களுடையதாக இருக்கட்டும். நம் நாதஸ்வரக் கலைஞர்கள் பெயருக்கு முன்னால் ஊரை வைத்துக்கொண்டவர்கள். திருவாவடுதுறை என்றால் ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி என்றால் அருணாசலம். யாரும் லோகோ கேட்கவில்லை.

சரி, லோகோ வேண்டாமா? வேண்டும். ஆனால் அது எங்கே வாழப் போகிறது என்று யோசித்துப் போட வேண்டும். பாட்டு ஆப்களுக்கு அட்டைப்படம் 3000 பிக்சல் சதுரமாக அனுப்புகிறோம். கேட்கிறவர் பார்ப்பது ஃபோனில் கட்டைவிரல் நக அளவு. அந்த அளவில் தீப்பிடித்த கிடார் வெறும் ஆரஞ்சுக் கறை. கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் (கறுப்புக் கொடி) என்ற பங்க் ராக் குழுவைப் பாருங்கள். கிடார் கலைஞர் கிரெக் ஜின்னின் தம்பி ரேமண்ட் பெட்டிபான் வரைந்து கொடுத்தது நான்கு கறுப்புப் பட்டைகள், ஒன்றுக்கொன்று சற்றே ஏறி இறங்கி, பறக்கும் கொடி போல. அவ்வளவே. ஸ்ப்ரே டப்பா வைத்திருந்த எந்த ரசிகனும் அதைச் சுவரில் போட முடிந்தது. கையில் காசில்லாத குழுவுக்கு ரசிகன்தான் விளம்பரத் துறை. அவன் கையால் வரைய முடிகிற ஒன்றைக் கொடுங்கள்.

பெயரை எழுதும் விதத்திலும் பிடிவாதம் வேண்டும். முதலில் தமிழில் எழுதுங்கள், பெரிதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுகிறார், இன்னொருவர் எல் போடுகிறார். நெடிலுக்கு ஒரு தடவை ஒரு ஏ, அடுத்த தடவை இரண்டு ஏ. இப்படி யூடியூபில் ஒன்று, ஸ்பாட்டிஃபையில் ஒன்று என்று போனால் ஒரே குழுவின் பாட்டுகள் வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். தேடுகிற ரசிகர் பாதியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு கல்லூரி விழாவுக்கு எனக்குத் தெரிந்த குழு ஒன்று பாடப் போனது. வாசலில் இருந்த ஃபிளெக்ஸில் ஒரு சினிமா நடிகரின் படம், அடியில் 'இன்னிசை விருந்து', அதற்கும் அடியில் குழுவின் பெயர் எழுத்துப் பிழையோடு. எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பிள்ளைகள் சொந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவர்கள். எங்களை விழாவுக்குக் கூப்பிட்டால் இந்தப் படம்தான், இந்த எழுத்துதான் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கோப்போடு சேர்த்து ஏற்பாட்டாளருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

கடைசியாக, பெயர் யாருடையது என்பது. நண்பர்களாகச் சேர்கிறோம், இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். ஆனால் ஒருவர் விலகிப்போய் அதே பெயரில் இன்னொரு மேடை ஏறினால் அத்தனை வருட உழைப்பும் சிக்கலில் மாட்டும். பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யலாம்; எந்தத் தொழிலுக்கு என்பதைப் பொறுத்து அதில் வகுப்புகள் உண்டு. இசை நிகழ்ச்சிகளுக்கு 41-ஆம் வகுப்பு, டி-ஷர்ட் விற்பதானால் 25-ஆம் வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவானால் 10 ஆண்டு செல்லும். அதற்குப் பணம் சேரும் வரை, யார் விலகினாலும் பெயர் யாரிடம் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆள் குழுவில் இருந்தால், போஸ்டர் அச்சுக்குப் போகும் முன்பே தெரிந்துவிடட்டும்.