கிழட்டு ஸ்விட்சுக்குப் பட்டாபிஷேகம்

எந்த நெட்வொர்க் ஸ்விட்சை (கணினிகளை இணைக்கும் பெட்டி) வாங்கி மாட்டினாலும், நெட்வொர்க்கில் லூப் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் பிரையாரிட்டி எண் 32768 என்றே இருக்கும். சிறிய எண்தான் ஜெயிக்கும்; எல்லாம் சமமென்றால், மேக் முகவரி (கருவியிலேயே பதித்து வரும் எண்) எதற்குச் சிறியதோ அதுதான் ரூட் பிரிட்ஜ், அதாவது தலைமை ஸ்விட்ச். சிறிய முகவரி பெரும்பாலும் பழைய ஸ்விட்சிடம்தான் இருந்து தொலைக்கும். ஆக, மூலையில் தூசி படிந்து கிடக்கும் கிழடு மொத்த நெட்வொர்க்குக்கும் ராஜா. பணத்தைக் கொட்டி வாங்கிய கோர் (மைய) ஸ்விட்ச் அதற்குக் கைகட்டி நிற்க வேண்டும். சரி, பிரையாரிட்டியைக் குறைப்போம் என்று 5000 கொடுத்தால் ஏற்காது. 4096-இன் மடங்காகத்தான் வேண்டுமாம்!

அப்புறம் இந்த விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்த பகுதி). பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் இன்னும் ஒரு விலானைச் சேர்க்கும்போது கட்டளையில் 'ஆட்' என்ற சொல் விடுபட்டால் போச்சு. சில ஸ்விட்சுகள் இருந்த பட்டியலையே தூக்கிவிட்டு, புதியதை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை? ம்ஹூம். ஸ்விட்சை நிர்வகிக்க நாம் உள்ளே வந்த மேனேஜ்மென்ட் விலானும் அதோடு போய்விடும். ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

போர்ட்ஃபாஸ்ட் (ஸ்பானிங் ட்ரீயின் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போடாத போர்ட்டில் லேப்டாப்பைச் செருகினால் லிசனிங் 15 விநாடி, லேர்னிங் 15 விநாடி என்று காத்திருக்க வேண்டும். அதற்குள் ஐபி முகவரி கேட்டு வாங்கும் டிஹெச்சிபிக்குப் பொறுமை போய், லேப்டாப் தானே 169.254 என்று தொடங்கும் உதவாத ஒரு முகவரியை ஒட்டிக்கொள்ளும். 'நெட் வரல' என்ற புகார் மட்டும் உடனே நமக்கு வந்துவிடும்.