பறங்கி இடித்ததை மட்டும் பேசுகிறோம்

கோணேசர் கோயிலுக்குப் போகும் எவரும் பிரெட்றிக் கோட்டை வாசலைக் கடந்துதான் போகவேண்டும். அந்த வாசல் கல்லில் இரட்டை மீனும், "முன்னே குளக்கோட்டன்" என்று, கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னனின் பெயரோடு தொடங்கும் தேய்ந்த வரிகளும் இருக்கின்றன. 1622 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். திருகோணமலையில் சின்னப் பிள்ளையும் இந்தக் கதையைச் சொல்லும். ஆனால் அர்ச்சனைத் தட்டோடு போகிற நம்மில் எத்தனை பேர் அந்த வாசலில் நின்று தலையைத் திருப்பிப் பார்க்கிறோம்?

போன சனிக்கிழமை மருமகனைக் கூட்டிக்கொண்டு நகரின் நடுவில் இருக்கும் பழைய சேமக்காலைக்குப் போனேன். பற்றை முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். பிரித்தானியக் கடற்படையின் ரியர் அட்மிரலாக இருந்து 1852 இல் பர்மாவில் இறந்தவர். அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பையனின் கண் வேறோர் இடத்தில் நின்றது. சிறிய கல்லறை ஒன்று. சாந்து உதிர்ந்த செங்கல்லுக்குள் அரச மரக் கன்றொன்று வேர்விட்டு, பெயர் பொறித்த பலகையைக் குறுக்கே பிளந்திருந்தது. பெயர் போய்விட்டது. மாதக் கணக்கில் எழுதிய வயது மட்டும் மிஞ்சியிருந்தது. "யாருடைய பிள்ளை மாமா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளைப் பாருங்கள். புல் ஒட்ட வெட்டியிருக்கும், ஒவ்வொரு கல்லிலும் பெயர் துலக்கமாக இருக்கும். பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழு அவற்றைப் பொறுப்பேற்றிருக்கிறது. நகரத்துச் சேமக்காலையில் கிடப்பவர்களுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. "அது வெள்ளைக்காரனுடையது" என்கிறோம். ஒழுங்கைக்குள் இருக்கும் ஸியாரத்தை, முஸ்லிம் பெரியார் ஒருவரின் அடக்கத்தலத்தை, "அது அவர்களுடையது" என்கிறோம்.

சரி, நம்முடையதையாவது காப்பாற்றுகிறோமா? எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் திருப்பணி நடந்தபோது, விளக்கு மாடம் குடைந்த பழைய கல்தூண்கள் நான்கையும் பெயர்த்துக் கோயிலின் பின்னால் மணல் குவியலோடு போட்டார்கள். அவை நின்ற இடத்தில் சீமெந்துத் தூண்கள், பளபளக்கும் தரையோடு. காசு அனுப்பியவர்கள் வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தங்கள்; கெட்ட எண்ணம் எவருக்கும் கிடையாது. அந்த மாடத்தில் எண்ணெய்க் கரி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. எத்தனை தலைமுறைப் பெண்கள் திரி போட்ட மாடமோ! நான் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் பேசவேண்டும். நம் ஊரில் காணிக்குள் பழைய செங்கல் கிடைத்தால் மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். வெளியே தெரிந்தால் காணி போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் வீணானதல்ல. 2020 இல் கிழக்கின் தொல்பொருள்களுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, முதலில் நியமித்தவர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. பயப்படாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. நம்மவர் நாதனார் கோவில் என்பார்கள். சோழர் காலத்தில் அது இராஜராஜப் பெரும்பள்ளி. அந்தப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கக் கொடை கொடுத்தவர்கள் அதைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். புத்தர் சிலையைக் கண்டாலே ஒதுங்கிப் போனால் அந்தத் தமிழை யார் வாசிப்பது? மூடி வைத்த செங்கல் நாளை நமக்காகச் சாட்சி சொல்லாது. படம் எடுங்கள், அளவு குறியுங்கள், எந்தச் சமயத்தவர் கட்டியதாக இருந்தாலும் பெயரோடும் இடத்தோடும் எழுதி வையுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை கோட்டை வாசலில் நிற்பேன். தேய்ந்த எழுத்து உச்சி வெயிலில் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழும்பி வரும். அதற்காக டோர்ச் லைட் கொண்டு வருகிறேன். கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். வருகிறவர்கள் தயவுசெய்து எழுத்தின் மேல் சோக்கட்டியால் தீட்டவேண்டாம். மருமகன் இப்போதே ஒரு கொப்பி வாங்கிவிட்டான்.