பருவுக்கு ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தடவாதீர்கள்

தண்டையார்பேட்டையில் மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நிற்கிறவள் நான். பருவுக்கென்று வந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் வாங்கிப் போகிற பழக்கம் நிற்க வேண்டும். கேட்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. கேட்டதும் எடுத்து நீட்டுகிற கடைகள் மேல்தான் கோபம்.

பரு அழுக்கால் வருவதில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி கிளப்புகிற தூசிதான் காரணம் என்று நம்பி, நாள் முழுக்க சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். கரும்புள்ளியின் கறுப்புகூட அழுக்கு கிடையாது. முடி முளைக்கிற துளையில் எண்ணெய் சுரந்து, அதன் வாய் அடைத்துக்கொள்கிறது. உள்ளே காற்று குறைவு, எண்ணெய் தாராளம். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? அது பரு வராதவர்கள் தோலிலும் இருக்கிறதுதான். ஆனால் அடைபட்ட துளைக்குள் பெருகி, எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கும்போது உடம்பு அதை எதிர்த்துக் கிளம்புகிறது. சிவப்பும் வீக்கமும் சீழும் அதனால் வருபவை.

கிளிண்டாமைசின் அந்த பாக்டீரியா புரதம் தயாரிக்கிற ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை முடக்குகிறது. நல்ல மருந்துதான். ஆனால் அது குறிவைப்பது ஒரே ஓர் இடத்தை. அங்கே சின்னதாக ஒரு மரபணு மாற்றம் நடந்தால் போதும், மருந்து ஒட்டாது. பெரும்பாலும் எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் கூடவே பலிக்காமல் போகும். மாதக்கணக்கில் இதை மட்டுமே தடவினால், மருந்துக்கு அடங்காதவை மட்டும் பிழைத்துப் பெருகும். தோலிலும் மூக்கிலும் இருக்கிற, சீழ்க்கட்டி உண்டாக்கக்கூடிய ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் இதே மருந்துக்கு அடங்காமல் போகலாம். நாளைக்குச் சீழ்க்கட்டி வந்தால் என்ன செய்வது?

பருவுக்குத் தடவுகிற இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடு வேறு வகை. தோலுக்குள் போய் ஆக்சிஜனை வெளிவிட்டு, பாக்டீரியாவின் புரதங்களைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் சிதைக்கிறது. அதனால் பாக்டீரியா இதற்குப் பழகிக்கொள்வதில்லை. அடைப்பையும் கொஞ்சம் இளக்கும். கிளிண்டாமைசின் எழுதும்போது தோல் டாக்டர்கள் இதையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே பலருக்குப் போதும். 10 சதவீதம் போட்டால் சீக்கிரம் போய்விடும் என்று நினைக்காதீர்கள், எரிச்சலும் தோல் உரிவதும்தான் கூடும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ராத்திரியில், பரு வருகிற பகுதி முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். தலையணை உறை வெளுத்துப் போகும். மெரூன் உறையில் திட்டுத் திட்டாக ஆரஞ்சு நிறம் வந்ததைக் கையோடு கொண்டுவந்து, "பொண்ணு மூஞ்சியும் இப்படி ஆயிடுமாம்மா?" என்று ஒரு அம்மா பதறினார். ஆகாது. துணிச்சாயத்தைத்தான் அது வெளுக்கும், தோலின் நிறத்தை அல்ல. வெள்ளை உறை போட்டுக்கொண்டால் சரி.

எது போட்டாலும் 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். பத்தே நாளில் பலன் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் ஆபத்தே. வீட்டில் படர்தாமரைக்கு வாங்கி வைத்த ஸ்டீராய்டு கலந்த கிரீமை முகத்தில் தடவுகிறார்கள். முதல் சில நாள் சிவப்பு அடங்கும், முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பித்து, பரு முன்னைவிட மோசமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரிகிறது என்று திரும்பவும் அதையே தேடி வருகிறார்கள். டியூப் மேல் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால் என்று ஸ்டீராய்டு பெயர் இருந்தால் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே ரொம்ப நாளாகத் தடவியிருந்தால், எப்படி நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தழும்பு விழுகிற பெரிய பரு, வலிக்கிற கட்டி, கர்ப்பம் என்றால் கவுன்டரில் யோசனை கேட்காதீர்கள். நம் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். காலையிலேயே போய்விடுங்கள். இதுவரை தடவிய டியூப்களை, காலியானதையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். "ஏதோ வெள்ளை கிரீம்" என்று சொன்னால் டாக்டருக்கு எதுவும் புரியாது.