ஹிட்லர் ‘ஒரே ஒரு வாக்கில்’ தலைவரானாரா?

தேர்தல் நெருங்கினால் போதும், ‘1923-ல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் ஹிட்லர் நாஜிக் கட்சிக்குத் தலைவரானார், உங்கள் ஓட்டையும் வீணாக்காதீர்கள்’ என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வலம் வரும். ஓட்டுப் போடச் சொல்வது சரி. சொல்லும் கதை பொய்.

ஆஸ்திரியாவின் பிரவுனாவில் பிறந்த ஹிட்லர், வியன்னா ஓவியக் கல்லூரி இரண்டு முறை நிராகரித்த இளைஞர். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919-ல், மியூனிக்கில், பின்னாளில் நாஜிக் கட்சியாக மாறிய ஒரு சின்னக் கட்சியை வேவு பார்க்க ராணுவம் அவரை அனுப்பியது. போனவர் அதிலேயே சேர்ந்துவிட்டார். கூட்டம் சேர்த்ததும் பணம் வந்ததும் பெரும்பாலும் அவர் பேச்சால்தான். அது அவருக்கும் நன்றாகத் தெரியும். 1921 ஜூலையில் வேறொரு கட்சியுடன் இணையும் பேச்சு எழுந்ததும் கோபித்துக்கொண்டு விலகினார். திரும்பி வர வேண்டுமென்றால் முழு அதிகாரமும் தனக்கே வேண்டும் என்றார். அப்பட்டமான மிரட்டல்தான், ஆனால் பலித்தது. அந்த மாத இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒரே ஒருவர். அந்த ‘ஒரு வாக்கு’ அவருக்கு எதிராக விழுந்ததுதான்!

அப்புறம், 1923-ல் நடந்தது தேர்தலே அல்ல. அந்த நவம்பரில் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்று, சிறைக்குப் போனார்.

பிரதமர் பதவியும் ஒற்றை வாக்கில் கிடைக்கவில்லை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகள் பெற்றது சுமார் 33 சதவீதம். பெரும்பான்மை இல்லாதபோதும், வலதுசாரித் தலைவர்கள் வற்புறுத்த, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் 1933 ஜனவரி 30 அன்று அவரை நியமித்தார்.