கட்டாயப் பரிசோதனை என்றால் பறக்கத் தடை என்று அர்த்தமில்லை

திருகோணமலை சீனக்குடாவுக்கு மேலே பறக்கும் ஹெலிகொப்டர் படத்தைப் போட்டு, “இறக்கையில் உற்பத்திக் குறைபாடாம், வெளிநாட்டில் கட்டாயப் பரிசோதனை உத்தரவு வந்துவிட்டது. அப்படியென்றால் எல்லா ஹெலிகொப்டருக்கும் தடைதானே, திருகோணமலையில் மட்டும் எப்படிப் பறக்கவிடுகிறார்கள்?” என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள்.

இப்படியான உத்தரவு பொதுவாக ஒரு குறிப்பிட்ட மொடலுக்கு வரும். உற்பத்திக் குறை என்றால் பெரும்பாலும் எந்தப் பாக இலக்கம், எந்தத் தொடர் இலக்கம் என்பதுவரை அதில் இருக்கும். எத்தனை மணி நேரப் பறப்புக்குள் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கும். அதுவரை பறக்கலாம். ஆபத்து உடனடியானது என்றால்தான் ‘அடுத்த பறப்புக்கு முன்பே’ என்று வரும். 2011இல் ரொபின்சன் ஆர்22, ஆர்44 ஹெலிகொப்டர் வகைகளுக்கு அமெரிக்காவின் சிவில் விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ போட்ட உத்தரவைப் பாருங்கள். மேலே சுழலும் இறக்கையின் வெளித்தகடு, இறக்கையைத் தாங்கும் ஸ்பார் என்ற நீள சட்டத்திலிருந்து பிரிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், தட்டியும் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது. ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் மந்தமாக மாறும். அவ்வளவு எளிய சோதனை, ஆனால் உயிரைக் காப்பது.

அப்புறம், இவை சிவில் விமானங்களுக்கான உத்தரவுகள். சீனக்குடா விமானப்படைத் தளம். சிவில் விமானப் போக்குவரத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சிக்காகோ உடன்படிக்கையின் 3ஆம் பிரிவின்படி இராணுவ விமானங்கள் இந்த ஒழுங்குக்குள் வராது, அவற்றின் பராமரிப்பு விதிகள் வேறு. படத்தில் இருப்பது எந்த மொடல் என்றுகூட நீங்கள் சொல்லவில்லையே.