ஆஸ்பத்திரி ஸ்டேஷன் சுவரு

அம்மாவுக்கு ரேடியேஷன் போயிட்டிருந்தப்போ அஞ்சு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள், ஒரே மெட்ரோ ஸ்டேஷன்ல ஏறி இறங்கினோம். ஆஸ்பத்திரி பக்கத்து ஸ்டேஷன்ல கூட்டமே வேற மாதிரி இருக்கும், மத்த இடத்துல எல்லாரும் ஓடுவாங்க, இங்க பாதிப் பேரு மெதுவாத்தான் நடப்பாங்க, ஒரு கையில ஸ்கேன் கவர், இன்னொரு கையில யாரையாவது தாங்கிப் பிடிச்சிருப்பாங்க, நைட் டூட்டி முடிச்ச நர்ஸ் பெஞ்ச்லயே கண் அசந்து ட்ரெயினை விட்டுட்டு உக்காந்திருப்பாங்க. எதிர்ல சாம்பல் கலர் சுவரு, தண்ணி கசிஞ்ச கறை. ஒருநாள் அம்மா அதைக் காட்டி "யானை மாதிரி இல்ல?"ன்னாங்க. பாக்கறதுக்கு வேற ஒண்ணுமே இல்லாம இத்தனை நாளும் கறையைத்தான் பாத்துட்டு இருந்திருக்காங்கன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

இப்ப அதே சுவத்துல அந்த ஏரியா ஆளுங்க, ஸ்கூல் பசங்க, ஆஸ்பத்திரி ஸ்டாஃப், ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்கறவங்க எல்லாரும் சேந்து ஆறும் மரமுமா வரைஞ்சிருக்காங்க. போட்டோ போட்டா உடனே "முதல்ல லிஃப்ட்டை சரி பண்ணுங்கப்பா"ன்னு கமெண்ட். நியாயம்தான், லிஃப்ட் ஓடாத அன்னைக்கு வீல்சேரைப் படியில தூக்கினவன் நான், எனக்குத் தெரியாதா. ஆனா லிஃப்ட் வர்ற வரைக்கும் சுவரு அழுக்காவே இருக்கணும்னு என்ன கட்டாயம்?

சும்மா அழகுக்காகச் சொல்லல. ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் 1984ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச 23 பேரையும் செங்கல் சுவரு தெரிஞ்ச 23 பேரையும் ஒப்பிட்டுப் பாத்தா, மரம் பாத்தவங்க கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருக்காங்க, ஸ்ட்ராங்கான வலி மாத்திரையும் கம்மியா கேட்டிருக்காங்க. 46 பேருங்கறது சின்னக் கணக்குதான், ஒத்துக்கறேன். அவரே பின்னாடி ஸ்வீடன்ல இதய ஆபரேஷன் ஆனவங்க கட்டிலுக்கு எதிர்ல படம் மாட்டிப் பாத்திருக்காரு, தண்ணியும் மரமும் இருந்த படம் பதட்டத்தைக் குறைச்சிருக்கு, கோடும் கட்டமுமா இருந்த நவீன ஓவியம் படமே இல்லாததை விடப் பதட்டத்தைக் கூட்டியிருக்கு. அதனால கையில பெயிண்ட் இருக்குன்னு எதை வேணா வரையறது ஆகாது. ஆர்ட் கேலரிக்கு நாமளா தேடிப் போறோம், இங்க ரிசல்ட் வாங்கப் போற வழியில மாட்டிக்கிட்டு நிக்கறோம்.

என்னை ரொம்பக் கடுப்பேத்தறது இந்தத் தன்னம்பிக்கை வாசகங்கதான். "போராடு, ஜெயிப்பாய்"னு ஆளுயர எழுத்துல. நாலாவது கீமோவுக்குப் போறவங்க அதைப் படிச்சா என்ன தோணும்னு எழுதறவங்க யோசிச்சதே இல்ல போல. ஒரு மீன், ஒரு குருவி, எண்ணிப் பாக்க நிறைய இலை, அது போதும்.

ஸ்வீடன் தலைநகரம் ஸ்டாக்ஹோம்ல மெட்ரோவோட நூறு ஸ்டேஷன்ல தொண்ணூறுக்கு மேல கலை வேலைப்பாடு இருக்கு. அங்க டி-சென்ட்ராலன்ங்கற ஸ்டேஷன்ல 1975ல பெர் ஓலோஃப் உல்ட்வெட்ங்கற ஓவியர் குகை மாதிரி இருக்கற பாறைக் கூரை முழுக்க நீலத்துல கொடியும் இலையுமா வரைஞ்சாரு, அவசரமா ட்ரெயின் மாத்தறவங்களுக்கு மனசு கொஞ்சம் அமைதியாகட்டும்னு. அங்கயே ஒரு பக்கம் அந்த ஸ்டேஷனைக் கட்டின தொழிலாளிங்களோட நிழலுருவத்தையும் வரைஞ்சு வச்சிருக்காரு பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது.

சுவத்துக்கிட்ட வந்து நிக்க முடியாதவங்களும் வரையலாம், அது பல பேருக்குத் தெரியல. அமெரிக்காவுல 1984ல ஆரம்பிச்ச ஃபிலடெல்ஃபியா மியூரல் ஆர்ட்ஸ்ங்கற சுவரோவிய அமைப்பு ஆளுங்க பாராசூட் துணின்னு சொல்ற மெல்லிசு துணியில படத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, எங்க எந்தக் கலர்னு நம்பர் போட்டுக் குடுத்துடுவாங்க, ஜெயில்ல இருக்கறவங்க கூட உள்ள உக்காந்தே வரைஞ்சிருக்காங்க, அப்புறம் அதை சுவத்துல ஒட்டிடறது. அப்படின்னா வார்டுல படுத்திருக்கற குழந்தையும் ஒரு இலைக்குக் கலர் அடிக்கலாம்ல, டிஸ்சார்ஜ் ஆகிப் போறப்போ "அது நான் அடிச்சது"ன்னு காட்டிட்டுப் போகும்.

நம்ம ஸ்டேஷன் சுவத்துல எனக்கு ரெண்டே ரெண்டு குறை. கசிவை அடைக்காம மேல பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்கு உரிஞ்சு வரும், ரிப்பன் வெட்டினவங்க யாரும் அப்ப வர மாட்டாங்க. இன்னொண்ணு, அந்த ஆத்தை அப்படியே தரை வழியா நீட்டி ஆஸ்பத்திரி வாசல் பக்கம் போற எக்ஸிட் வரைக்கும் கொண்டு போயிருந்தா, முதல் தடவை வர்றவங்க எந்தப் பக்கம்னு தெரியாம அலைய வேண்டியிருக்காது.

அம்மாகிட்ட போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, யானையை எங்கடா?"ன்னாங்க.